அடைப்புக்குறிகளுக்கு நடுவில் இருந்தவை

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. ஒரு மனிதர்மேல் உள்ளுக்குள் வேகும்படியான பொறாமை எனக்கு அறுபத்தேழாவது வயதில்தான் வந்தது. அதற்கு முன்பும் வந்திருக்கிறது. பதவி உயர்வு தவறியபோது, மைத்துனர் சென்னையில் வீடு கட்டியபோது. அவையெல்லாம் ஜலதோஷம் போல இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டன. இது போகவில்லை. அதன் பேரில் நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

அவர் திருநெல்வேலிக்காரர். துறைமுகத்தில் மெக்கானிகல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருச்சிக்காரன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வும் பெற்று, டாக்குரியாவில் ஒரு ஃபிளாட் வாங்கித் தங்கிவிட்டேன். அவர் வீடு பாலிகஞ்சில். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் இல்லை என்றாலும் நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'வே' போட்டுப் பேசுவார். முப்பது வருஷமாக ஏரிக்கரையில் காலை நடை, அது முடிந்ததும் லேக் மார்க்கெட்டில் இட்லியோ பொங்கலோ. இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் இருந்தோம்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு எழுதாமலே இருந்தது. இயந்திரம் எல்லாம் அவர் பக்கம், தமிழ் எல்லாம் என் பக்கம். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் என் மனைவி அவருக்கு ஃபோன் செய்வாள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டுமென்றால் அவர் என்னிடம் வருவார். இங்குள்ள தமிழர்களின் சங்கம் ஒன்று காலாண்டுக்கு ஒரு முறை சிறிய பத்திரிகை போட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் அதற்கு நான்தான் ஆசிரியர். பிழை திருத்துவது முதல் கட்டு கட்டி அஞ்சலில் போடுவது வரை நானேதான். அதனால் ஒரு மரியாதை இருந்தது. எனக்குப் பிடித்த மரியாதை.

அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்கள் எல்லாம் அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் தட்டச்சானவை. புதிய கணினியில் திறந்தால் எறும்பு ஊர்ந்தது போல ஏதோ குறிகள் தெரியுமே தவிர தமிழ் தெரியாது. அவற்றை இணையத்தில் போட வேண்டும் என்று சங்கத்தில் முடிவானபோது நான் ஒரு வழிதான் அறிந்திருந்தேன். அச்சான இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி அடிப்பது. இரண்டு வருஷம் அடித்தேன். பதினாறு இதழ் முடித்திருந்தேன். தோள்பட்டை இறங்கிவிட்டது. யாராவது விசாரித்தால், "என்ன செய்யறது, யாராவது செஞ்சுதானே ஆகணும்" என்று சலித்துக்கொள்வேன். அந்தச் சலிப்பு எனக்கு இனித்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியார், அதாவது அவர் மனைவி, காலமானார். மழைக்காலம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், அவ்வளவுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். எதற்கும் நேரம் குறித்து வைப்பது அந்த வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக் கணினியில் தினமும் ஒரு பத்தி எழுதி வைப்பார். பால் வந்தது, மின்சாரம் போனது, மகள் பேசினாள், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மணி. அண்ணாச்சி ஏதாவது வம்பு பேசினால், "பேசுங்க பேசுங்க. எல்லாம் எழுதி வச்சிருக்கேன், டைமோட" என்பார். நாங்கள் சிரிப்போம்.

அவர் போன நாலைந்து மாதம் கழித்து அண்ணாச்சி அந்தக் கோப்பைத் தம் புதிய லேப்டாப்பில் திறந்து பார்த்திருக்கிறார். அதுவும் பழைய எழுத்துரு. எறும்பு ஊர்ந்தது போலத்தான் தெரிந்தது. என்னிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் நான் உட்கார்ந்து மறுபடி அடிக்க ஆரம்பிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. இணையத்தில் பாடம் பாடமாகப் படித்து ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டார்.

அந்த வித்தைக்குப் பெயர் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். கணினியில் ஒரு சொல்லைத் தேடி மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். இது சொல்லைத் தேடுவதில்லை, சொல்லின் ஜாடையைத் தேடுவது. லேக் மார்க்கெட் கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "கண்ணாடி போட்டிருப்பார், கையில் துணிப்பை இருக்கும், பின்னாலேயே ஒரு அம்மாள் வருவார்" என்று அடையாளம் சொல்லி அனுப்புவது போல. அந்த அடையாளத்துக்குப் பொருந்துகிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரையும் பிடித்துவிடும். பிடித்தவர்களை இடம் மாற்றலாம், துரத்தலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அவர் லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். நான் இன்னும் தொடாத ஓர் இதழைத் திறந்தார்.

"இங்க பாருங்க. பழைய ஃபான்ட்ல கொம்பு முதல்ல வருது, எழுத்து பின்னாடி வருது. புதுசுல எழுத்துதான் முதல்ல. அதனால, கொம்பும் அதுக்கு அடுத்தாப்ல ஒரு எழுத்தும் எங்கெங்க இருக்கோ, ரெண்டையும் இடம் மாத்துன்னு ஒரே ஒரு வரி சொல்லுதேன்" என்றார். விசையைத் தட்டினார்.

முழு இதழும் தமிழாக எழுந்து நின்றது.

எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, சேலத்திலிருந்து புதிதாக வந்தவள், "அங்கிள், ரெஜெக்ஸ் எங்க டீம்ல பாதிப் பேருக்கே ஒழுங்கா வராது" என்றாள். செயலாளர் என் பக்கம் திரும்பி, "இனிமே நீங்க தோள்ல தைலம் தேய்க்க வேண்டாம் சார்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் மாலைக்குள் மீதி அறுபத்து சொச்சம் இதழையும் அவர் முடித்துக் கொடுத்துவிட்டார். நான் அடித்த பதினாறையும் சேர்த்து மாற்றியிருந்தார், சரிபார்க்க வசதியாக இருக்கட்டும் என்று. என் தட்டச்சில் இருந்த பிழைகள் அதில் இல்லை.

வீட்டில் என் மனைவி, "அண்ணாவைப் பாருங்க. அறுபத்தொன்பது வயசு, அவங்க போன துக்கம் வேற. இந்த நிலைமையிலயும் ஒண்ணைக் கத்துக்கிட்டு வந்து நிக்கறார். நீங்க அந்த ஃபோன்ல படம் அனுப்பவே நாலு தடவை என்னைக் கூப்பிடறீங்க" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அவர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்துக்கு வந்துவிட்டார் என்று தோன்றியது. பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளை ஆட்கள் இப்போது அவருக்கு அனுப்பினார்கள். இரட்டை இடைவெளி, தப்பான மேற்கோள்குறி, இப்படி எல்லாவற்றையும் அவர் ஒரு வரியில் சுத்தம் செய்து எனக்கு அனுப்புவார். எனக்குத் திருத்த ஒன்றும் மிச்சம் இருக்காது. அதைவிட என்னைக் குத்தியது வேறு. அவர் இதைப் புகழுக்காகக் கற்கவில்லை. மனைவி எழுதியதைப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவரக் கற்றார். அதில் குறை காண எனக்கு இடமே இல்லை.

நானும் கற்றேன். யாருக்கும் தெரியாமல். மத்தியானம் மனைவி தூங்கும் நேரத்தில் அதே மாதிரிப் பாடங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, என் பழைய தலையங்கங்களில் பழகிப் பார்த்தேன். புள்ளி வைத்தால் ஏதோ ஓர் எழுத்து என்று பொருள். பக்கத்தில் நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும். அந்தப் பாடத்தின் நடுவே ஓர் எச்சரிக்கை இருந்தது. நட்சத்திரத்துக்குப் பேராசை உண்டாம். ஒரு குறியிலிருந்து இன்னொரு குறி வரை எடு என்றால், முதலில் வரும் குறியோடு நிற்காது. அந்த வரியில் கடைசியாக அந்தக் குறி எங்கே இருக்கிறதோ அதுவரை வாரிக்கொண்டு போகும். அதைத் தடுக்க நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். அவ்வளவுதான். இதைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் அற்பமானது. எதிலாவது அவரை மடக்கலாம் என்ற எண்ணம்.

வாய்ப்பு தானாக வந்தது. அண்ணியாரின் முதல் வருஷ நினைவு நாளுக்கு அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு சிறிய புத்தகம் போட்டு, தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்க நினைத்தார். பிழை திருத்த என்னிடம் வந்தார். பென் டிரைவில் கோப்பைக் கொடுத்தார்.

"நீங்க படிச்சீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இல்லவே." ஜன்னலுக்கு வெளியே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு வரி படிச்சா அவ குரல் கேக்கு. இந்த வித்தையில அது ஒரு வசதி பாத்துக்கிடும். படிக்காமலே வேலையை முடிச்சிரலாம். படிக்கிறது உம்ம பொறுப்பு."

மூன்று நாள் கழித்து இன்னொரு கோப்பு அனுப்பினார். ஃபோனில், "அந்த முதல் கோப்பை விட்டிரும்வே. அதுல வரிக்கு வரி மணி போட்டிருக்கா. அச்சுல பாக்க ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கும்னு மக சொன்னா. அடைப்புக்குறியையும் அதுக்குள்ள இருக்கிறதையும் எடுத்திட்டேன். ஒரே வரி. இதைத் திருத்தும்" என்றார்.

திறந்தேன். முதல் நாலைந்து பத்திகள் சரியாக இருந்தன. மூலத்தில் அவற்றில் பத்திக்கு ஒரு மணிதான் இருந்தது. ஆறாவது பத்தி இப்படி இருந்தது:

பால் வந்தது. மழை.

அண்ணியார் இப்படி எழுதக்கூடியவர் இல்லை. முதல் கோப்பைத் திறந்து அதே நாளைப் பார்த்தேன்.

பால் வந்தது (5.50). இவர் ஏரிக்குப் போகும்முன் டீ போட்டு மூடி வைத்திருக்கிறார். சர்க்கரை இல்லாமல். எனக்குச் சர்க்கரை வேண்டும் என்று முப்பத்தைந்து வருஷமாக இவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் (7.15). மழை.

எனக்கு உடனே புரிந்தது. அவர் கேள்விக்குறி போடவில்லை. முதல் அடைப்புக்குறியிலிருந்து கடைசி அடைப்புக்குறி வரை இருந்ததையெல்லாம் அது வாரிக்கொண்டு போய்விட்டது. எந்த நாளில் இரண்டு மணி குறித்திருந்தாரோ அந்த நாளின் நடுப்பகுதி முழுக்கக் காணவில்லை. அண்ணியார் ஆற அமர எழுதிய நாள்கள் அவைதான். பக்கத்துக்கு இரண்டு மூன்று இடமாவது அப்படிப் போயிருந்தது.

ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "அண்ணாச்சி, ஒரு கேள்விக்குறி விட்டுட்டீங்க" என்று சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவர், "அட, ஆமாவே" என்று சிரித்திருப்பார். சரிசெய்திருப்பார். மறுநாள் சங்கத்தில் அதையும் ஒரு புதுப் பாடமாக எல்லோருக்கும் சொல்லிக் காட்டியிருப்பார். நான் தனியாக உட்கார்ந்து கற்ற ஒன்றே ஒன்றும் அவருடையதாகிவிடும். நான் ஃபோனை எடுக்கவில்லை.

மறதி இல்லை அது. எழுத்துப் பிழைகளை மட்டும் ஒழுங்காகத் திருத்தினேன். "பால் வந்தது. மழை." என்பதில் முற்றுப்புள்ளிக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைக்கூட நீக்கினேன். வெட்டுப்பட்ட இடம் தெரியாமல் தைத்துக் கொடுத்தேன். புத்தகம் வந்ததும் யாராவது, "என்ன இப்படி மொட்டையா இருக்கு" என்று கேட்பார்கள். அப்போது நான் நிதானமாக விளக்குவேன், எல்லோர் முன்னிலையிலும். இதுதான் என் எண்ணம்.

கரியாஹாட் பக்கத்தில் ஒரு சந்தில் அச்சகம். அச்சகத்துப் பையன் இல்லை, முதலாளியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார். "மேஷோமஷாய், ஃபைனால் தோ?" என்று என்னிடம்தான் கேட்டார். மாமா, இறுதிதானே என்று வங்காளத்தில். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். "ஃபைனல்" என்றேன்.

நினைவு நாளில் புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர்கள் எழுதுவது சுருக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். சிலர் அந்தச் சுருக்கத்தைப் பாராட்டவும் செய்தார்கள். எனக்கு ஏமாற்றம்.

இரண்டு வாரம் கழித்து ஏரிக்கரைப் பெஞ்சில் மண் குவளை டீயோடு உட்கார்ந்திருந்தோம். அவர் சொன்னார்:

"படிச்சிட்டேன்வே. மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒரே மூச்சுல படிச்சேன்."

நான் டீயைக் குடித்தேன்.

"நீரு செஞ்சது எனக்குத் தெரியும்."

குவளையைப் பெஞ்சில் வைத்தேன்.

"அவ அப்படித் தந்தி மாதிரி எழுதுறவ இல்ல. என்னைப் பத்தித் திட்டி எழுதியிருப்பா. எழுதி வச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தால்லா. ஊரே படிக்கிற புத்தகத்துல அதெல்லாம் வரக்கூடாதுன்னு நீரு வெட்டிட்டீரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, என் மானம் போகாமப் பாத்துக்கிட்டீரு." என் முழங்காலைத் தட்டினார். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்."

சொல்வதற்கு இன்னொரு வாய்ப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார். "வெட்டினதை எங்கயாவது வச்சிருக்கீரா? எனக்கு மட்டும். அந்தப் பழைய கம்ப்யூட்டரை பிக்ரிவாலாகிட்ட தூக்கிக் கொடுத்திட்டேன். எங்கிட்ட இருந்த கோப்பு மேலயே மாத்தி மாத்தி, கடைசியா நீரு திருத்தினதையும் சேவ் பண்ணிட்டேன். பழசு ஒண்ணும் இல்ல."

பிக்ரிவாலா என்றால் இங்கே வீடு வீடாக வந்து பழைய சாமான் எடுப்பவர். ஆக, முழுக் கோப்பு உலகத்திலேயே என் மேசை இழுப்பறையில் இருந்த அந்தப் பென் டிரைவில் மட்டும்தான் இருந்தது.

"அழிச்சிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று எனக்குத் தெளிவாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் அவருக்கு விளங்கிவிடும். ஒவ்வொரு வெட்டும் ஓர் அடைப்புக்குறியில் தொடங்கி இன்னோர் அடைப்புக்குறியில் முடிந்திருக்கும். மனிதன் அப்படி வெட்டமாட்டான். அவர் கொடுத்த நன்றியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவர் முகம் விழுந்துவிட்டது. "சரி. நல்லதுக்குத்தான் செஞ்சீரு" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஒண்ணு ரெண்டு ஞாபகம் இருந்தாச் சொல்லுமேன்" என்றார்.

அங்கேதான் நான் மிக மோசமான காரியத்தைத் தொடங்கினேன். முதல் நாள் அந்தச் சர்க்கரை இல்லாத டீயைச் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சர்க்கரையா. கள்ளி. ஒரு நாள் சொன்னாளா" என்றார். மறுநாள் காலை, நான் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோதே வந்து நின்று, "இன்னைக்கு ஏதாவது ஞாபகம் வந்துதா?" என்று கேட்டார்.

அதன்பின் தினமும். முந்தின நாள் மத்தியானம் கோப்பைத் திறந்து ஒரு பத்தியைப் படித்து வைத்துக்கொண்டு, காலையில் யோசிப்பது போல நெற்றியைத் தேய்த்து, ஞாபகம் வந்தது போலச் சொல்வேன். என் நினைவாற்றலை அவர் வியந்தார். சங்கத்தில் அவரைச் சுற்றி நின்றவர்கள் யாருக்கும் கொடுக்க முடியாத ஒன்று என் கையில் இருந்தது. அவர் என்னிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்தக் கோப்பில் குறைகள் மட்டும் இல்லை. பாதிக்கு மேல் வேறு. ஒரு நாள்: இவர் என் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார், நான் சொல்லவே இல்லை, அறுந்ததை எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. இன்னொரு நாள்: மாடிப்படியில் இவர் செருமும் சத்தம் கேட்டபின்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பது, இன்று கேட்கவில்லை, இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டேன், லிஃப்டில் வந்தாராம். இன்னொரு நாள் வெறுமனே: துர்கா பூஜோ கூட்டத்தில் இவர் என் கையை விடவே இல்லை, கை வியர்த்துவிட்டது, எனக்குச் சொல்லக் கூச்சம்.

இவற்றில் ஒன்றைக்கூட நான் அவருக்குச் சொல்லவில்லை. படிக்கும்போதே எனக்கு வயிறு எரியும். என் மனைவி நல்லவள். நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். ஆனால் நான் படியேறும் சத்தத்தை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு வித்தையும் வந்தது, பெயரும் வந்தது, செத்த பிறகும் இப்படி ஒருத்தி பேசிக்கொண்டிருக்கிறாள். இதையும் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா? குறை சொன்ன இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொன்னேன். அண்ணியார் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவர் மேட்ச் பார்த்தது. அண்ணியாரின் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு இல்லை என்று அனுப்பாமல் விட்டது. இருபது வருஷம் முன்னால் விருந்தாளிகள் முன் சாம்பாரைக் கேலி செய்தது.

முதலில் சிரித்தவர் பிறகு சிரிப்பதை நிறுத்தினார். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி டீ கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ சர்க்கரை போட்டுக்கிட்டியாம்மா?" என்று அவளைக் கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சுமார் ஒன்றரை மாதம் இப்படிப் போனது. ஒரு காலை நான் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும்வே. இனி சொல்லாதேயும்." ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பத்தெட்டு வருஷம். ஒரு நாள்கூட நல்ல மனுசனா இருந்திருக்கமாட்டேனா? இருந்திருந்தா ஒரு வரி எழுதியிருப்பால்லா. நீரு வெட்டினது சரிதான். எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்."

மறுநாள் அவர் நடைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சங்கத்துக்கு வருவதை நிறுத்தினார். அவர் மகள் பெங்களூரிலிருந்து என் மனைவிக்கு ஃபோன் செய்து, "அப்பா சரியாச் சாப்பிடறதில்ல மாமி. அம்மா போட்டோவை எடுத்து அலமாரிக்குள்ள வச்சிட்டார். கேட்டா, அவ முகத்தைப் பாக்க எனக்கு யோக்கியதை இல்லங்கறார். மாமாவைப் பேசச் சொல்லுங்க" என்றாள். மனைவி ஃபோனை வைத்துவிட்டு அதை அப்படியே என்னிடம் சொன்னாள்.

"நீங்க சொன்னா கேப்பார். போய்ட்டு வாங்க" என்றாள்.

இரண்டு நாள் போகாமல் இருந்தேன். பிறகு ஒரு பிற்பகல் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தே பாலிகஞ்ச் போனேன். நல்ல வெயில். ஆட்டோ கிடைத்தது, ஏறவில்லை. வழியில் வேறு கதை ஏதாவது கட்ட முடியுமா என்று யோசித்தேன். பழைய பையில் ஒரு பிரதி அகப்பட்டது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் கோப்பு அவர் கைக்குப் போய்விடும். ஆனால் அந்த அடைப்புக்குறிகளைப் பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிடும். கதை கட்ட வழியில்லை என்று தெரிந்துதான் போனேன். மனம் திருந்திப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி அதுதான், பாதி இது.

கதவைத் திறந்தவர் லுங்கியோடு இருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும்.

"அழிக்கல அண்ணாச்சி. முழுசா இதுல இருக்கு" என்று நீட்டினேன்.

வாங்கி லேப்டாப்பில் செருகினார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவர் கண் வரிகளில் ஓடுவது தெரிந்தது. புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை. மூன்றாவதாக ஒப்பிட்ட பத்தியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"கேள்விக்குறி போடல நான்" என்றார்.

"ஆமா."

"உமக்கு அது தெரியுமா?"

"தெரியும். நானும் படிச்சேன்."

"எப்ப?"

"அச்சுக்கு முன்னாடி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மீதியையும் சொன்னேன். ஃபோனை எடுக்காததை, வெற்றிடங்களை மூடியதை, ஒவ்வொரு மத்தியானமும் பொறுக்கியதை, எதைச் சொன்னேன் எதை மறைத்தேன் என்பதை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானே, "உங்களைப் பாத்துப் பொறாமை" என்றேன். சொல்லிக் கேட்டபோது அது பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வது போல இருந்தது.

"நல்லதா எழுதியிருக்காளா?" என்று கேட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"பாதிக்கு மேல."

லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் படிக்கணும். நீரு கிளம்பும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் படியிறங்கி முதல் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மேலே எந்தச் சத்தமும் இல்லை.

அதன்பின் அவர் மாலையில் நடக்கிறார். நான் காலையில். லேக் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பார், நிற்கமாட்டார். போன வருஷம் புத்தகத்தை மறுபடி அச்சிட்டார். மணிகளை இந்த முறை எடுக்கவில்லையாம். அடைப்புக்குறியோடு அப்படியே விட்டிருக்கிறார். பிழை திருத்த என்னிடம் வரவில்லை. சேலத்துப் பெண்ணிடம் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். பிரதி என் மனைவி பெயர் எழுதி வந்தது. அவள் மத்தியானங்களில் தூங்காமல் அதைப் படிக்கிறாள். பக்கத்து அறையிலிருந்து அவள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

அவளுக்கு நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. முதல் புத்தகம் ஏன் அப்படிக் குறையாக வந்தது என்று சங்கத்தில் யாரோ கேட்டதற்கு, "என் தப்புதான். ஒரு கேள்விக்குறியை விட்டுட்டேன். மிஷின் வாரிக்கிட்டுப் போயிட்டு" என்று சொல்லியிருக்கிறார். அதை மனைவி வந்து என்னிடம் சொல்லி, "பாவம், அவ்வளவு கெட்டிக்காரருக்கே தவறிப்போச்சு பாருங்க. நீங்களாவது திருத்தும்போது கவனிச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

கவனித்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் முதலில் அவளிடம் கொடுக்கப் போகிறேன். பிறகு சங்கத்துப் பத்திரிகைக்கு அனுப்புவேன். போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம். இன்னும் ஒன்று பாக்கி. என் பெயரை இழுக்காமல் பழியை அவர் தம்மேல் போட்டுக்கொண்டார் என்று கேட்ட அன்று எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. இந்தப் பெரிய மனதும் இவருக்கே வாய்த்திருக்கிறதே என்ற பழைய எரிச்சல்தான் வந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.